செடெனாக் ஸ்டேஷனில் ஒரு தொந்தி

மேபல் தோட்டத்துக் காளியப்பன் உலக விவகாரங்களில் தலையிட்டவர் அல்ல. அவருடைய தொந்திதான் தலையிட்டது.

அந்தத் தொந்தியும் அவராகத் தேடிக்கொண்டதல்ல. அப்பன் வழியில் வந்த சொத்து. வேறு சொத்து எதுவும் வராததால் இது முழுசாக வந்து சேர்ந்தது. பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் சதை போடுகிற வம்சம். அது ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த முப்பத்தொன்றாம் வருஷம். ஜொகூர் முழுக்கத் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் எல்லாரும் கருவாடாகக் காய்ந்து நடமாடியபோது, காளியப்பன் மட்டும் கல்யாணச் சமையல்காரரைப் போல வளைய வந்தார். புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காயவைப்பது அவர் வேலை. அந்தச் சூட்டிலும் தொந்தி உருகவில்லை.

ஒருநாள் ஷீட்டுக் கட்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு செடெனாக் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகிற மெயில் பத்தே முக்காலுக்கு வந்து, இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க மூன்று நிமிஷம் நிற்கும். அன்று மூன்று நிமிஷம் ஆகியும் கிளம்பவில்லை. காரணம், பிளாட்பாரத்தில் காப்பிக்கடை வைத்திருந்த மீரா சாகிபுவின் ஆடு. ஸ்டேஷன் மாஸ்டர் பெஞ்சியின் மேல் வைத்திருந்த பச்சைக் கொடியைத் தழை என்று நினைத்து அது கடித்துவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல், பாதிக் கொடி வாயில் தொங்க ஆடு ஓடியது. ஸ்டேஷன் மாஸ்டர் அதன் பின்னால் ஓடினார். ஆட்டின் வாயில் அசைகிற பச்சைக் கொடிக்கு வண்டியை எடுப்பது சட்டப்படி சரியா என்று இஞ்சின் டிரைவர் யோசித்துக்கொண்டிருந்தார். காளியப்பன் சிரித்தார். இரண்டு கையாலும் தொந்தியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

முதல் வகுப்புச் சன்னலோரம் லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆடு வண்டிக்கு அந்தப் பக்கம் ஓடிப் போயிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. சிரிப்பு மட்டும் பட்டது. அதைப் போட்டோ பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாசம் கழித்து லண்டன் பத்திரிகையில் அந்தப் போட்டோ வந்தது. ‘மலாயாவில் ரப்பர் செத்துவிட்டது என்கிறார்கள். ஜொகூர்க் காட்டின் நடுவே வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒரு கூலியை நான் கண்டேன். இப்படி ஒரு வயிறு உள்ள தேசம் விழாது’ என்று கீழே எழுதியிருந்தது. காலைச் சாப்பாட்டின்போது அதைப் படித்த ஒரு கனவான் கொஞ்சம் ரப்பர் பங்கு வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து, அவருக்கு ஏதோ ரகசியம் தெரிந்திருக்கிறது என்று நாலு பேர் வாங்கினார்கள். நாலு பேர் வாங்கியதைப் பார்த்து நாற்பது பேர். சாயங்காலத்துக்குள் ரப்பர் ராத்தலுக்கு அரைப் பென்னி ஏறியது. மேபல் தோட்டத்தில் ஒருவரும் அன்று ஒரு மரம்கூடக் கூடுதலாகச் சீவவில்லை.

ஜொகூர் பாருவில் அப்போது ‘ரப்பர் நம்பிக்கைப் பரிபாலன சபை’ என்று ஒன்று இருந்தது. கும்பினிகள் எல்லாம் கூடி வைத்த சபை. இரண்டு மாடிக் கட்டடம், பதினோரு விசிறி, நாலு தட்டெழுத்து யந்திரம் எல்லாம் அதற்குக் கிடைத்திருந்தன. நம்பிக்கை ஒன்றுதான் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தது. அதன் காரியதரிசி கிரிம்ஷா துரை. அவர் ஒரு பாதிரியாரிடம் பத்து வருஷம் தமிழ் படித்துப் பரீட்சையில் தேறியவர். அதனால் அவர் தமிழ் பேசினால் தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஒருநாள் விடியற்காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குக் கிரிம்ஷா துரை காரில் வந்து இறங்கினார்.

“காளியப்பன் என்னப்பட்டவன் யார்?”

காளியப்பன் கும்பிட்டார். கப்பலுக்குப் பேர் எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

“தொரைகளே, நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஆடுதாங்க தின்னுச்சு.”

“உன் வயிற்றைக் காண்பிப்பாயாக.”

காண்பித்தார். துரை பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, தொந்தியைக் குறுக்கே ஒரு தடவையும் நெடுக்கே ஒரு தடவையும் அளந்தார். பிறகு ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசினார்.

“ஜனங்களே! ரப்பர் மரத்திலே உண்டாகிறதென்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அது அறியாமை. மரத்திலே உண்டாகிறது பால் மாத்திரமே. ரப்பரானது லண்டன் பட்டணத்துக் கனவான்களின் சிரசிலே உண்டாகிறது. உண்டென்று அவர்கள் எண்ணினால் உண்டு. இல்லையென்று எண்ணினால் இல்லை. ஆகையால் இந்த மனுஷன் இன்று முதல் மரத்துக்கு ஊழியம் செய்யாமல், அந்தச் சிரசுகளுக்கு ஊழியம் செய்யக்கடவன்.”

சனங்கள் கிராணி சதாசிவத்தைப் பார்த்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான அவர்தான் துரையின் தமிழைத் தமிழாக்குவது வழக்கம்.

“அதாவது, நீ டேசன்ல போயி நின்னு சிரிக்கணும்” என்றார் சதாசிவம்.

“எதப் பாத்துங்க?”

“மெயிலப் பாத்து.”

“மெயில்ல சிரிக்கிறதுக்கு என்னாங்க இருக்கு?”

துரைக்குக் கேள்வி புரிந்துவிட்டது. “சிரிப்புக்கு நீ முகாந்தரம் தேட வேண்டாம். முகாந்தரத்தைச் சபை பார்த்துக்கொள்ளும்” என்றார்.

மறுநாளே உத்தரவு வந்தது. ‘காளியப்பன், மூன்றாந்தர நம்பிக்கை, செடெனாக்’ என்று விலாசமிட்ட நீளமான காகிதம். மெயில் நின்றதும் சிரிக்கத் தொடங்கி, கிளம்பியதும் நிறுத்த வேண்டும். கூட்ஸ் வண்டிக்குச் சிரிக்கக் கூடாது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் கடக்கும்போது சிரிப்பை வீணாக்க வேண்டியதில்லை. எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆட்டைப் பார்க்கக் கூடாது. ஒருநாளும் லீவு இல்லை.

முதல் வாரம் காளியப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடிச் சன்னல்களைப் பார்த்துத் தனியாக நின்று சிரிப்பவனை ஊர் என்ன சொல்லும்? ஆனால் மீரா சாகிபு தினம் ஒரு காப்பி கலக்கிக் கொடுத்துத் தைரியம் சொன்னார்.

“அண்ணே, நீங்க இங்க சிரிச்சா அங்க லண்டன்ல ஏறுதாம் லா. நானும் இருவது வருசமாச் சிரிக்கிறேன், என் கடையில ஒரு பிஸ்கோத்து வெல ஏறல.”

இந்த மீரா சாகிபுதான் காளியப்பனின் மகள் சந்திரமதிக்குச் சம்பந்தம் பேசியவரும். சாமான் வாங்கச் சிகாமட் வரைக்கும் போய் வருகிறவர். அங்கே அய்யாவு என்று ஒருவர். பையனுக்கு ரயில்வேயில் நிரந்தர வேலை. ரயில்வேக்காரனைக் கப்பலேற்ற மாட்டார்கள். அந்த வருஷத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதற்கு மேல் ஜாதகம் தேவைப்படவில்லை.

“போட்டாவ காட்டுனேன். அய்யாவு அசந்துட்டாரு” என்றார் சாகிபு. “இந்தக் காலத்துல இப்பிடி ஒரு வயிறு வெச்சிருக்கவரு வூட்டுல பொண்ணெடுத்தா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்னு சொல்லிட்டாரு. அவரும் நல்ல கனமான ஆளுதான். நேர்ல வந்து பாக்க முடியாதாம். அவருக்கும் ஏதோ கும்பினி உத்தியோகம், லீவே கெடையாதாம்.”

தொந்தியால் மகளுக்கு வாழ்வு வருகிறது என்று காளியப்பன் முதன்முதலாக அதைப் பெருமையோடு தடவிக்கொண்டார்.

அந்தப் பெருமை ஒரு மாசம்கூட நிற்கவில்லை. லண்டனில் பங்குக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். போட்டோவை மேஜை மேல் வைத்து ஒருவர் கேட்டாராம்: “கூலிக்கு இவ்வளவு வயிறு இருந்தால், நாம் கூலி அதிகம் கொடுக்கிறோம் என்றுதானே அர்த்தம்?” நியாயமான கேள்வியாகவே எல்லாருக்கும் பட்டது. அடுத்த பெரட்டில் சதாசிவம் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். காளியப்பனின் ஆரோக்கியத்தை முன்னிட்டு, தோட்டத்தில் ஆண் பெண் அனைவருக்கும் நாளைக்குப் பத்துக் காசு குறைக்கப்பட்டிருந்தது. அரிசியிலும் பிடி குறைந்தது.

தண்ணீர்க் குழாயடியில், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற செல்லம் காளியப்பனின் மனைவியை மறித்துக்கொண்டாள். “ஏக்கா வெள்ளையம்மா, ஒன் வூட்டுக்காரரு அங்க வாயத் தொறந்து சிரிக்கிறாரு, இங்க எங்க வயித்துல அடி வுழுது. அந்த வாயக் கொஞ்சம் மூடச் சொல்லேன்.”

வெள்ளையம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்குவதற்கு முன்பே சொன்னாள்: “நாளைக்கு அங்க போயி அழுதுட்டு வாங்க. பாப்போம், கூலிய ஏத்துறானுங்களான்னு.”

காளியப்பன் மறுநாள் உண்மையாகவே அழுதார். வரவழைக்க வேண்டியிருக்கவில்லை, செல்லத்தின் முகத்தை நினைத்தாலே போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்தில் சபையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தொழிலாளர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள் என்று ஒரு பிரயாணி எழுதினாராம். விலை இன்னும் கால் பென்னி ஏறியதாம். ‘ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அழ வேண்டாம்’ என்று அடியில் குறித்திருந்தது.

அரிசி குறைந்த வீட்டில் வம்சப் பெருமை எத்தனை நாளைக்குத் தாங்கும்? தாத்தா காலத்திலிருந்து இறங்காத வயிறு இறங்கத் தொடங்கியது. ஆறாம் மாசம் காளியப்பன் செடெனாக்கில் யாரையும் போலத்தான் இருந்தார். தொந்தி இருந்த இடத்தில் தோல் மட்டும் மடிந்து தொங்கியது.

கிரிம்ஷா துரை பதறிப்போய் வந்தார். மறுபடியும் அளவு நாடா.

“நீ ஏன் இப்படிச் செய்தாய்?”

“நான் செய்யலீங்க தொரை. அரிசி பத்தலீங்க.”

“அரிசிக்கும் வயிற்றுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. வயிறு சபைக்குரியது. அரிசி உன் சொந்த விஷயம்.”

பத்தே நாளில் ஜொகூர் பாருத் தையற்காரர் ஒருவர் தைத்த இலவம்பஞ்சுத் தொந்தி வந்து சேர்ந்தது. பழைய அளவுக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. பின்பக்கம் முதுகில் நாலு நாடாவால் முடிச்சுப் போட்டு, மேலே ஜிப்பாவைப் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெயில் நாட்களில் தொந்தி பரவாயில்லை. மழை பெய்தால் பஞ்சு நீரைக் குடித்துக் கனத்து, முழங்காலைப் பார்த்து இறங்கியது. மழையிலும் வளர்கிற வயிறு என்று ஒரு துரைசாணி வியந்து எழுதியதாகக் கேள்வி.

இங்கேதான் டச்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது தேசங்கள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. எல்லாரும் ஒன்றாகப் பால்வெட்டைக் குறைத்தால் விலை ஏறும் என்பது பேச்சு. மற்றவன் குறைக்கட்டும், பிறகு நான் குறைக்கிறேன் என்பது ஒவ்வொருவரின் எண்ணம். ஜாவாவிலிருந்து வந்த டச்சு அதிகாரி மெயிலில் போகும்போது காளியப்பனைப் பார்த்தார். ‘இவர்கள் கஷ்டப்படுவதாகச் சொல்வது பொய். திருட்டுத்தனமாக விற்றுத் தின்கிறார்கள்’ என்று எழுதிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கிரிம்ஷா துரை காப்பிக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து காளியப்பனுக்குப் பாடம் சொன்னார். “இங்கிலீஷ்காரர் காணும்போது நீ செழித்திருக்கிறாய். டச்சுக்காரர் காணும்போது மெலிந்திருக்கிறாய். இரண்டும் சத்தியமே என்று அறிவாயாக.”

“நெசமாவே மெலிஞ்சுதாங்க இருக்கேன் தொரை.”

“அது இப்போது பேசப்படுகிற காரியமல்ல.”

ஏற்பாடு இப்படி: முன்பெட்டியில் இங்கிலீஷ்காரர்கள். அவர்களுக்கு முன்னால் தொந்தியோடு ஒரு நிமிஷம் சிரிப்பு. பிறகு காப்பிக்கடைக்குப் பின்னால் ஓடி, மீரா சாகிபு முடிச்சை அவிழ்க்க, தொந்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நாலாவது பெட்டியில் இருக்கும் டச்சுக்காரர்களுக்கு முன்னால் ஒட்டிய வயிற்றோடு ஒரு நிமிஷம் அழுகை. நடுப்பெட்டியில் அமெரிக்கர் யாராவது இருந்தால், அவர்கள் என்ன நினைக்க வேண்டும் என்று சபை இன்னும் முடிவு செய்யாததால், அந்த இடத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்க வேண்டும்.

சாகிபு தொந்தியைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்பார். ஆடு வந்து மோந்து பார்க்கும். “சேச்சே, போ அந்தாண்ட! இது சர்க்கார் வயிறு” என்று விரட்டுவார்.

ஒருநாள் ஜப்பானியப் போட்டோகாரர் ஒருவர் முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு நடந்துகொண்டே இரண்டு இடத்திலும் படம் பிடித்துவிட்டார். ஒரே முகம், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு உடம்பு. ஒரு மனிதனை நொடியில் பெருக்கவும் சுருக்கவும் பிரிட்டிஷார் ஏதோ வித்தை கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எங்கேயோ பேச்சுப் பரவி, அடையாளம் தெரியாத கப்பல் ஒன்று ஜொகூர்க் கரையோரம் மூன்று நாள் நின்றுவிட்டுப் போனதாம். சபையின் இரண்டாவது மாடியில் இதற்கென்று தனியாக ஓர் ஆள் நியமித்து, அவருக்குப் பன்னிரண்டாவது விசிறியும் போட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் சந்திரமதியின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, சிகாமட் மாரியம்மன் கோயிலில். வியாழக்கிழமை மெயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குப் போய்ச் சேரலாம். காளியப்பன் சதாசிவத்திடம் சொல்லி லீவு கேட்டு எழுதினார். பதிலைச் சதாசிவமே வாசித்துக் காட்டினார்.

‘வியாழக்கிழமை மெயிலில் லண்டனிலிருந்து வந்துள்ள ஏழு கனவான்கள் கொண்ட விசாரணைக் கமிட்டி பிரயாணம் செய்கிறது. வெள்ளிக்கிழமை மெயிலில் அவர்களுடைய மனைவிமார் பிரயாணம் செய்கிறார்கள். உமது இன்மை லண்டனில் உணரப்படும். உமது மகளின் விவாகத்தில் உமது இன்மை சிகாமட்டில் மாத்திரமே உணரப்படும். ஆகையால் லீவு மறுக்கப்படுகிறது.’

காளியப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இத்தனை நாள் யாருக்காகவோ சிரித்தது, யாருக்காகவோ அழுதது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவருக்கு, இது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெற்ற மகள் மணையில் உட்காரும்போது, அப்பன் ஸ்டேஷனில் நின்று எவனோ ஒருவனின் பொண்டாட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டுமாம்.

“நீங்க வராம தாலி ஏறாது. சொல்லிட்டேன்” என்றாள் வெள்ளையம்மா. கொஞ்சம் பொறுத்து அவளே, “ஆனா இந்தக் கோலத்துல வந்து நின்னாலும் ஏறாது. அவுங்க போட்டாவப் பாத்துல்ல ஒத்துக்கிட்டாங்க? வத்தலா வந்து நின்னா, ஏமாத்திட்டோம்னு பந்தல்லயே எந்திரிச்சிட மாட்டாங்களா?” என்றாள்.

“வயிறு பெட்டியில பூட்டியில்ல இருக்கு.”

“எப்ப வெளிய எடுப்பாங்க?”

“மெயில் வரப்ப.”

“அப்ப மெயில் வரப்ப வாங்க” என்று சொல்லிவிட்டு, அவள் புதன்கிழமையே சந்திரமதியைக் கூட்டிக்கொண்டு சிகாமட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கிரிம்ஷா துரையே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பிளாட்பாரத்தைக் கழுவியிருந்தார்கள். ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பச்சைக் கொடியை எதற்கும் இருக்கட்டும் என்று தகரத்திலேயே செய்து வைத்திருந்தார்கள். மெயில் வந்து நின்றது. ஏழு சன்னலில் ஏழு கனவான்கள். ஏழு பேர் கையிலும் பென்சில். காளியப்பன் தொந்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழு பென்சிலும் ஓடின. தகரக் கொடி அசைந்தது, வண்டி நகர்ந்தது. கடைசி மூன்றாம் வகுப்புப் பெட்டி எதிரே வந்தபோது, மூன்றாந்தர நம்பிக்கை கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டது.

துரை கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் ஏழு தலைகள் சன்னல்களில் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. காரியதரிசி பதறுவதை லண்டன் பார்த்தால் ரப்பர் என்ன ஆகும்! திறந்த வாயை அப்படியே சிரிப்பாக்கினார். தொப்பியை ஆட்டிச் சிரித்துக்கொண்டே வண்டியோடு ஓடினார். பல்லிடுக்கில் மட்டும், “இறங்கக்கடவாய்! இறங்கக்கடவாய்!” என்று வந்துகொண்டிருந்தது. ‘உயர் அதிகாரிகளும் உற்சாகமாயிருக்கிறார்கள்’ என்று ஏழு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் சனங்கள் காளியப்பனின் வயிற்றைப் பார்த்துவிட்டு இரண்டு ஆள் இடம் விட்டார்கள். இத்தனை மாசமாக வெளியிலிருந்து பார்த்த வண்டியை உள்ளேயிருந்து பார்ப்பது அவருக்கு விநோதமாக இருந்தது. குளுவாங் ஸ்டேஷனில் தலையை நீட்டினார். பிளாட்பாரத்தில் கொழுத்த சீனர் ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘பரவாயில்லையே, குளுவாங்கில் பஞ்சமில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக் காளியப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். லாபிஸ் ஸ்டேஷனில் பருத்த மலாய்க்காரர் ஒருவர் சிரித்தார். ‘இங்கேயும் நல்லாத்தான் இருக்கிறார்கள். நம்ம ஊருக்குத்தான் பிடித்திருக்கிறது சனியன்’ என்று பொறாமையாக இருந்தது. வண்டி கிளம்பி வளையும்போது அந்த மலாய்க்காரர் திரும்பினார். சட்டை தூக்கியிருந்த முதுகில் நாலு நாடா, இரண்டு முடிச்சு.

காளியப்பன் சன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

சிகாமட்டில் வண்டி நின்றது. முதல் வகுப்புக்கு எதிரே மீசை வைத்த குண்டான மனிதர் ஒருவர் மும்முரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கிய தொந்தியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. போட்டோவில் பார்த்த முகம்! “சம்மந்தி!” என்று கூவிக்கொண்டு, உத்தியோகத்தை மறந்து ஓடி வந்தார் அய்யாவு. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

வயிற்றோடு வயிறு மோத வேண்டிய இடத்தில் மோதவில்லை. இரண்டும் மெத்தென்று அமுங்கி, இருவரும் தங்கள் உடம்பு அனுமதிக்காத அளவுக்கு நெருங்கி வந்துவிட்டார்கள். பிடித்த பிடியை விடாமலே அய்யாவு காதோரம் கேட்டார்:

“எத்தன மாசம் சம்மந்தி?”

“எனக்கு மூணு. ஒங்களுக்கு?”

“அஞ்சு முடிஞ்சிருச்சு.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. தோளில் தோள் சாய்த்து, மூச்சு முட்ட, கண்ணில் நீர் கொட்டச் சிரித்தார்கள். நிறுத்தப் பார்ப்பார்கள், ஒருவர் வயிற்றை மற்றவர் பார்ப்பார், மறுபடியும் தொடங்கிவிடும். மெயில் கிளம்பியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. பச்சைக் கொடி தின்ற ஆட்டுக்கு அப்புறம் காளியப்பன் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் தாலி ஏறியது. காளியப்பன் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார். பந்தியில் உட்கார்ந்தபோது நாடா இறுக்கிச் சோறு இறங்கவில்லை. அய்யாவு முதலில் கையை முதுகுக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்து, தொந்தியைப் பக்கத்தில் வைத்தார். காளியப்பனும் வைத்தார். பந்தலில் யாரும் எழுந்து போகவில்லை. மாப்பிள்ளை இரவல் கோட்டின் பொத்தான்களைத் தளர்த்திக்கொண்டான். சந்திரமதி பித்தளை ஒட்டியாணத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். தொந்திகள் இரண்டையும் வெள்ளையம்மா அன்றைக்கே பிரித்துத் தைத்து, புது மணமக்களுக்குத் தலையணையாக்கிவிட்டாள்.

செடெனாக்குக்குத் திரும்பினால் வேலை போய்விடும் என்று காளியப்பன் எதிர்பார்த்தார். ஆசைப்பட்டார் என்றும் சொல்லலாம். போகவில்லை. முன்னதைவிடப் பெரிய தொந்தி ஒன்று தகரப் பெட்டியில் காத்திருந்தது. கமிட்டியின் அறிக்கையில் செடெனாக்கைப் பற்றி அவ்வளவு உயர்வாக எழுதியிருந்தார்களாம். அறிக்கையின் நகல் தோட்டத்துக்கும் வந்தது. சதாசிவம் பெரட்டில் அதை வாசித்தார்.

“‘செடெனாக், குளுவாங், லாபிஸ் ஆகிய இடங்களில் நாங்கள் கண்ட சிரிப்பு உள்ளத்திலிருந்து வந்தது, தொழிலாளர்களின் மனநிறைவுக்கு மறுக்க முடியாத சாட்சி. ஆகையால் கூலியை இன்னும் ஐந்து காசு குறைப்பதில் தடையில்லை.’”

செல்லம் காளியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். சதாசிவம் பக்கத்தைப் புரட்டினார்.

“‘ஆனால் சிகாமட் ஸ்டேஷனில் குண்டான இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதழுது சிரித்தது, எங்களை ஏமாற்றுவதற்காக யாரோ சொல்லிக்கொடுத்த நடிப்பு என்பது பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இப்படிப்பட்ட போலித்தனம் நம்பிக்கையைக் கெடுக்கும். சம்பந்தப்பட்டவர்களைக் கண்டிக்க வேண்டும்.’”

காளியப்பன் வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“கிராணியாரே, இந்த வேலைக்கு வந்ததுலருந்து அந்த ஒரு நாளுதாங்க நான் நெசமாச் சிரிச்சேன்.”

சதாசிவம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அத மட்டும் இனிமே பண்ணாதப்பா” என்றார். “சரி, கெளம்பு. மெயிலுக்கு நேரமாச்சு.”